பிப் இன்ஸ்டால் அடித்தால் யாரிடம் போய்க் கேட்கிறது?

இறுதியாண்டு புராஜெக்ட் காலம் வந்துவிட்டால் குமரி மாவட்டத்துக் கம்ப்யூட்டர் லேப்களில் கோணம், சுங்கான்கடை, மார்த்தாண்டம் என்று வித்தியாசமே இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கமாண்ட்தான் ஓடும்: பிப் இன்ஸ்டால், பின்னால் ஏதோ ஒரு பெயர். பைத்தான் மொழிக்கான பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்தக் கோடை, இறக்கித் தரும் கருவிதான் பிப். சில நொடிகள் திரையில் ஒரு பட்டை நகரும், பேக்கேஜ் வந்துவிடும். வராவிட்டால், "நெட் சரியில்லடே மக்கா" என்று பக்கத்து இருக்கையிலிருந்து தீர்ப்பு வந்துவிடும். பாதி நேரம் நெட் நன்றாகத்தான் இருக்கும். கருவி யாரிடம் கேட்டது, அங்கிருந்து என்ன பதில் வந்தது என்பதில்தான் சிக்கல் இருக்கும். இந்தக் கேள்வி பதிலை ஒருமுறை புரிந்துகொண்டால் சிவப்பு எழுத்தில் வரும் பிழைச் செய்திகளில் பெரும்பகுதி மிரட்டாது.

முதலில் ஒன்று. பிப்புக்கு இணையத்தில் தேடத் தெரியாது. கூகுள் மாதிரி ஊரெல்லாம் அலசி 'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற பேக்கேஜ் எங்கே இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி: பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐ டாட் ஆர்க் என்ற தளத்தில் 'சிம்பிள்' என்ற பகுதி. நாம் வேறு எதுவும் சொல்லாதவரை அங்கேதான் போய் நிற்கும். முன்பு 'பிப் சர்ச்' என்று ஒரு கமாண்ட் இருந்தது. அதற்கு வந்து குவிந்த கோரிக்கைகளைச் சர்வரால் தாங்க முடியாமல் 2020 இறுதியில் அந்த வசதியையே நிறுத்திவிட்டார்கள். தேடுவது இப்போது நம் வேலை. சரியான பெயரைக் கொடுத்தால் எடுத்து வருவது மட்டும் பிப்பின் வேலை.

கொடுத்த பெயரை பிப் முதலில் கொஞ்சம் சீர் செய்கிறது. பெரிய எழுத்தெல்லாம் சிறிய எழுத்தாகும். புள்ளி, அடிக்கோடு, இடைக்கோடு எது எத்தனை வந்தாலும் ஒரே இடைக்கோடாகச் சுருங்கும். அந்தப் பெயரைச் 'சிம்பிள்' முகவரியின் பின்னால் ஒட்டி அந்தப் பக்கத்தைக் கேட்கிறது. வருவது அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு பக்கம், வெறும் லிங்க்குகளின் பட்டியல். அந்தப் பேக்கேஜின் எல்லா வெர்ஷன்களும், ஒவ்வொரு வெர்ஷனுக்கும் எத்தனை ஃபைல் உண்டோ அத்தனையும் அதில் இருக்கும். ஒவ்வொரு லிங்க்கின் வாலிலும் அந்த ஃபைலின் ஷா-256 ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற குறியீடு, தொங்கும். 2015-இல் எழுதி வைத்த விதிமுறை இது. இன்று இதே தகவலை நிரல்கள் எளிதாகப் படிக்கும் ஜேசன் வடிவிலும் கேட்டு வாங்கலாம். ஆனால் அடிப்படை மாறவில்லை. இந்தப் பட்டியல் இருப்பது ஒரு இடம், ஃபைல்கள் இருப்பது வேறொரு இடம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் வேறு வேறு டொமைன். கல்லூரி ஃபயர்வால் ஒன்றை அனுமதித்து மற்றதைத் தடுத்தால் பேக்கேஜ் 'கிடைத்துவிடும்', ஆனால் இறங்காது. இந்த விசித்திரத்துக்குக் காரணம் தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் நிறைய.

பட்டியல் வந்தாயிற்று. எதை எடுப்பது? ஃபைல் பெயரிலேயே விடை இருக்கிறது. வீல் என்று அழைக்கப்படும், ஏற்கெனவே கட்டித் தயாராக வரும் ஃபைலின் பெயர் பல துண்டுகளால் ஆனது: பேக்கேஜ் பெயர், வெர்ஷன், எந்தப் பைத்தானுக்கு, எந்த பைனரி இடைமுகத்துக்கு (ஏபிஐ), எந்த இயக்க முறைமைக்கு. பிப் நம் கணினிக்குப் பொருந்தும் துண்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் ஒப்பிடுகிறது. பொருந்தும் வீல்களோடு மூலக்கோடு ஃபைல்களையும் சேர்த்துப் பார்த்து, மிகப் புதிய வெர்ஷனை எடுக்கிறது.

அந்தப் புதிய வெர்ஷனுக்குப் பொருந்தும் வீல் இல்லை என்றால்தான் ரகளை. அப்போது பிப் மூலக்கோடு இருக்கும் ஃபைலை இறக்கி, நம் கணினியிலேயே கட்டிப் பார்க்கும். நம்பை போன்ற பேக்கேஜ்களின் உள்ளே சி மொழிக் கோடு இருப்பதால் அதற்கு ஒரு கம்பைலர் வேண்டும். விண்டோஸ் கணினியில் பொதுவாக அது இருக்காது. உடனே 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 அல்லது அதற்கு மேல் தேவை' என்ற புகழ்பெற்ற செய்தி வரும். பார்த்தவுடன் பல ஜிபி அளவுள்ள அந்தக் கருவித்தொகுப்பை இறக்கக் கிளம்பாதீர்கள். பைத்தானின் புத்தம் புது வெர்ஷனைப் போட்டுவிட்டீர்களா, அதற்கான வீலை அந்தப் பேக்கேஜ்காரர்கள் இன்னும் வெளியிடவில்லையா, அல்லது லேப் கணினியில் பழைய 32 பிட் பைத்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். ஒரு வெர்ஷன் குறைவான 64 பிட் பைத்தானைப் போட்டால் அதே கமாண்ட் சத்தமில்லாமல் ஓடிவிடும்.

கோடில் இம்போர்ட் செய்யும் பெயரும் பைபிஐ பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. இதுவும் பலரைக் கவிழ்க்கும் இடம். கோடில் சிவி2, பைபிஐ-யில் ஓப்பன்சிவி-பைத்தான். கோடில் பில், அங்கே பில்லோ. கோடில் எஸ்கேலேர்ன் என்று எழுதுவோம், அங்கே சைகிட்-லேர்ன் என்று கேட்க வேண்டும். பெயரை ஊகித்து அடிக்கும் பழக்கத்தில் ஆபத்தும் இருக்கிறது. புகழ்பெற்ற பேக்கேஜின் பெயரை ஓர் எழுத்து மாற்றிப் பதிவு செய்துவிட்டு, யாராவது தவறாக அடிப்பார்களா என்று காத்திருக்கும் கூட்டம் உண்டு. ஏஐ சாட் கருவிகள் சில நேரம் இல்லாத பேக்கேஜின் பெயரைக்கூட நம்பிக்கையோடு சொல்லும். அந்தப் பெயரில் யாராவது முந்திக்கொண்டு எதையாவது ஏற்றி வைத்திருந்தால் அதையும் பிப் பணிவோடு கொண்டுவந்து கொடுக்கும்.

எந்தக் கிடங்கில் கேட்கிறோம் என்பது டேட்டா செலவையும் தீர்மானிக்கும். ஹாஸ்டலில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்கிறவர்களுக்கு இது முக்கியம். லினக்ஸ் கணினியில் சும்மா 'பிப் இன்ஸ்டால் டார்ச்' என்று அடித்தால் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுக்கான லைப்ரரிகள் எல்லாம் கூடவே வரும். சேர்த்துப் பார்த்தால் 2 ஜிபியைத் தாண்டிவிடும். அந்தக் கார்டே இல்லாத லேப்டாப்புக்கு இவ்வளவும் வீண். பைடார்ச் குழுவினர் சிபியு-வுக்கு மட்டுமான வீல்களைத் தங்கள் சொந்தத் தளத்தில் தனிக் கிடங்காக வைத்திருக்கிறார்கள். 'இண்டெக்ஸ்-யூஆர்எல்' என்ற ஆப்ஷனில் அந்த முகவரியைக் கொடுத்தால் அளவு பத்தில் ஒரு பங்காகக் குறையும். பெயர் அதேதான், கேட்ட இடம்தான் வேறு.

ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தில் பேக்கேஜ் இறக்கும் கருவியான என்பிஎம்-மும் இதே வகை: ஒரு மையப் பதிவேடு, அதில் ஒரு பெயர். பெயரைக் கேட்டால் வெர்ஷன்கள், ஒவ்வொன்றும் சார்ந்திருக்கும் வேறு பேக்கேஜ்கள், சுருக்கிக் கட்டிய ஃபைலின் முகவரி, அதன் ஹாஷ் எல்லாம் ஒரே ஜேசனில் வரும். அங்கே சார்புகள்தான் பெரிய கதை. நாம் ஒன்று கேட்டால் அது பத்தைக் கேட்கும், பத்தும் சேர்ந்து நூறைக் கேட்கும். எந்த வெர்ஷன், எந்த முகவரி, எந்த ஹாஷ் என்று ஒருமுறை முடிவானதைப் பேக்கேஜ்-லாக் என்ற ஃபைலில் எழுதி வைத்துவிடுகிறது. அதை, கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட்டில் சேர்க்காமல் விடுகிறவர்களுக்குத்தான் 'என் மெஷினில் ஓடுகிறது, உன் மெஷினில் ஏன் ஓடவில்லை' என்ற வாக்குவாதம் வாய்க்கும்.

மையப் பதிவேட்டை நம்புவதன் விலை 2016 மார்ச்சில் தெரிந்தது. லெஃப்ட்-பேட் என்று ஒரு பேக்கேஜ், ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் 11 வரிக் கோடு. பெயர் உரிமைத் தகராறு ஒன்றில் என்பிஎம் எடுத்த முடிவு பிடிக்காமல், அதை எழுதியவர் தன் பேக்கேஜ்கள் அத்தனையையும் நீக்கிவிட்டார். இந்த 11 வரியை நேரடியாகக் கேள்விப்பட்டே இராத ஆயிரக்கணக்கான புராஜெக்ட்கள் கட்டப்படாமல் நின்றன, ஏனென்றால் அவை பயன்படுத்திய பேக்கேஜ்களின் சார்புகளுக்குள் எங்கோ அது இருந்தது. சில மணி நேரத்தில் என்பிஎம் அதை மீட்டு வைத்தது. வெளியிட்டதை நினைத்தபோது நீக்க முடியாது என்று விதியையும் இறுக்கியது.

கோ மொழிக்காரர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். அதைச் சொல்ல நம்மூர் விலாசம்தான் வசதி. விளவங்கோடு, கல்குளம் பக்கம் 'புத்தன்வீடு' என்ற வீட்டுப் பெயர் எங்கும் கிடக்கும். அதை மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் போய்ச் சேராது. எந்த விளை, எந்த அஞ்சல் என்று சேர்த்து எழுத வேண்டும். பிப்பும் என்பிஎம்-மும் 'எங்கள் பதிவேட்டில் புத்தன்வீடு ஒன்றுதான்' என்று சொல்கின்றன. கோ, முழு விலாசத்தையே பெயராக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அதில் ஒரு பேக்கேஜின் பெயரே டொமைனில் தொடங்கும்: கிட்ஹப் டாட் காம், சாய்கோடு, பயனர் பெயர், சாய்கோடு, கோடை வைத்திருக்கும் இடமான ரெப்போவின் பெயர்.

கிட்ஹப் மாதிரி பிரபலமான தளங்களின் அமைப்பு கோ கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வருகிறது. கோ கருவி அந்த முகவரிக்கே போய், கடைசியில் 'கோ-கெட்=1' என்று ஒரு குறிப்பை ஒட்டி ஒரு சாதாரண வெப் பக்கத்தைக் கேட்கும். அந்தப் பக்கத்தின் தலைப்பகுதியில் 'கோ-இம்போர்ட்' என்ற பெயரில் ஒரு மெட்டா டேக் இருந்தால் போதும். அதில் மூன்று தகவல்: பேக்கேஜின் முன்னொட்டு, கிட்டா வேறு முறையா, உண்மையான ரெப்போ எங்கே. நாகர்கோவிலில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனமாக இருந்தாலும் தங்கள் டொமைனில் ஒரு நிலையான பக்கத்தை வைத்து பேக்கேஜுக்குச் சொந்தப் பெயர் கொடுத்துவிடலாம். நாளைக்குக் கோடை கிட்ஹப்பிலிருந்து கிட்லேபுக்கு மாற்றினால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும், பயன்படுத்துகிறவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். கோ-வின் சொந்தத் துணை லைப்ரரிகளே இப்படித்தான் கோலாங் டாட் ஆர்க் என்ற பெயரில் நின்றுகொண்டு வேறு இடத்திலிருந்து வருகின்றன. ஆனால் டொமைனைப் புதுப்பிக்க மறந்து வேறு யாராவது வாங்கிவிட்டால், மெட்டா டேக்கில் எழுதும் உரிமையும் அவர்களுக்குப் போய்விடும்.

இந்த ஆபத்துக்கு ஒரு தடுப்பு பிறகு வந்தது. 2019 செப்டம்பரில் வெளியான கோ 1.13 முதல், கருவி நேராக ரெப்போவுக்குப் போவதில்லை. கூகுள் நடத்தும் ப்ராக்ஸி ஒன்றை, அதாவது ஓர் இடைநிலைச் சர்வரை, முதலில் கேட்கிறது. அங்கே 'இல்லை' என்று பொருள்படும் 404 அல்லது 410 என்ற பதில் வந்தால் மட்டும் நேரடியாக ரெப்போவுக்குப் போகிறது. ப்ராக்ஸியில் கேட்கும் முறையும் எளிமையானது. பேக்கேஜ் பெயர், வெர்ஷன், அதன் பின் இன்ஃபோ, மாட், ஜிப் என்று மூன்று ஃபைல்கள், அவ்வளவுதான். பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து இருந்தால் அதற்கு முன் ஆச்சரியக்குறி போட்டுச் சிறிய எழுத்தாக்கிக் கேட்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காத டிஸ்க்குகளிலும் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக இந்தக் குசும்பு. இதன் கூடவே ஹாஷ்களுக்கென்று ஒரு பொதுப் பதிவேடும் இருக்கிறது. ஒரு வெர்ஷன் முதன்முதலில் கண்ணில் பட்டபோது அதன் ஹாஷ் அதில் ஏறிவிடும், பிறகு அழிக்க முடியாது. ரெப்போவின் சொந்தக்காரரே பழைய வெர்ஷன் டேக்கின் கீழ் கோடை மாற்றி வைத்தாலும் ஹாஷ் ஒத்துப்போகாமல் கோ நின்றுவிடும்.

நிறுவனத்தின் உள்கோடு வைத்திருப்பவர்கள் 'கோபிரைவேட்' என்ற அமைப்பில் தங்கள் டொமைனைக் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பேக்கேஜ் பெயர் கூகுளின் ப்ராக்ஸிக்கும் பதிவேட்டுக்கும் போய், தெரியாது என்ற பதிலோடு திரும்பும். கோடு வெளியே போகாது, ஆனால் பெயர் போய்விடும்.

மற்ற மொழிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ஜாவாவின் மேவன், பெயரில் உள்ள புள்ளிகளைச் சாய்கோடுகளாக்கினால் அதுவே ஃபோல்டர் பாதை. ரஸ்ட்டின் கார்கோ நீண்ட காலம் முழுப் பட்டியலையும் ஒரு கிட் ரெப்போவாக வைத்திருந்தது. முதல்முறை இறக்கும்போது எல்லாப் பேக்கேஜ்களின் விவரமும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். மெதுவான இணைப்பில் இது கொடுமை. 2023 ஜூனில் வந்த 1.70 வெர்ஷன் முதல், தேவையான பேக்கேஜின் விவர ஃபைலை மட்டும் கேட்டு வாங்குகிறது.

இரண்டு கிடங்குகளில் ஒரே நேரம் கேட்டால் என்ன ஆகும்? திருவனந்தபுரம் டெக்னோபார்க் நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிற நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர். உள்பேக்கேஜ்களுக்கு நிறுவனத்தின் தனிக் கிடங்கு, மற்றதற்குப் பைபிஐ என்று அமைத்திருப்பார்கள். 'எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யூஆர்எல்' என்ற ஆப்ஷன் இதற்குத்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். பிப் இந்த இரண்டுக்கும் முன்னுரிமை வைப்பதில்லை. இரண்டு பட்டியலையும் ஒன்றாகக் கொட்டி, எதில் பெரிய வெர்ஷன் எண் இருக்கிறதோ அதை எடுக்கும். நிறுவனத்தின் உள்பெயர் ஒன்று வெளியே கசிந்து, அதே பெயரில் பைபிஐ-யில் 99 என்ற வெர்ஷனை யாராவது ஏற்றினால், நிறுவனத்தின் கணினிகள் தாமாகவே அதை இறக்கி ஓட்டும். அலெக்ஸ் பிர்சன் என்ற ஆய்வாளர் இதைச் சோதனையாகச் செய்து ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்களுக்குள் தன் கோடை ஓட வைத்து, 2021 பிப்ரவரியில் விவரத்தை வெளியிட்டார். எந்தப் பூட்டையும் அவர் உடைக்கவில்லை. தப்பிக்க வழி, ஒரே ஒரு 'இண்டெக்ஸ்-யூஆர்எல்' கொடுத்து, பைபிஐ-யிலிருந்து எதை எடுக்கலாம் என்பதை அந்தக் கிடங்கே தீர்மானிக்கும்படி வைப்பது.

ஹாஷ் சரியாக இருக்கிறது, அதனால் பாதுகாப்பு என்று நினைப்பது அரைகுறை. ஏற்றியது எதுவோ அதுவே வந்து சேர்ந்தது என்பதை மட்டும்தான் ஹாஷ் சொல்லும். ஏற்றியவர் நல்லவரா என்பது அதற்குத் தெரியாது. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜைப் பராமரிக்க முன்வந்த புதியவர் ஒருவர், பிட்காயின் திருடும் கோடு கொண்ட இன்னொரு பேக்கேஜை அதன் சார்புகளில் ஒன்றாகச் சேர்த்தார். எல்லா ஹாஷும் ஒழுங்காகவே பொருந்தின.

லேப் பக்கம் திரும்பினால், 'சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு' என்ற பிழை அடிக்கடி வரும். சில கல்வி நிறுவனங்களின் ஃபயர்வால், பாதுகாப்பான இணைப்பை நடுவில் பிரித்துப் பார்த்துத் தன் சொந்தச் சான்றிதழோடு மறுபடி கட்டி அனுப்பும். பிரவுசர் அந்தச் சான்றிதழை விண்டோஸின் பட்டியலில் பார்த்து ஏற்றுக்கொள்ளும். பிப் தன் சொந்தப் பட்டியலை மட்டும் நம்பியதால் மறுத்துவிடும். பிரவுசரில் பைபிஐ திறக்கிறது, பிப்பில் மட்டும் வரவில்லை என்ற புகாரின் பின்னணி இதுதான். 'டிரஸ்டட்-ஹோஸ்ட்' போட்டுச் சோதனையையே அணைத்துவிடுங்கள் என்பார்கள். அதைச் செய்தால் நடுவில் யார் எதை மாற்றி அனுப்பினாலும் தெரியாது. பிப் 24.2 முதல், பைத்தான் 3.10-உம் அதற்கு மேலும் என்றால், இயக்க முறைமையின் பட்டியலையே பார்க்கிறது. எனவே பிப்பைப் புதுப்பித்தாலே பல லேப்களில் இது தீர்ந்துவிடும்.

அப்புறம், இணைப்பே இல்லாத நிலை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த அளவுக்கு வேண்டாம், பேச்சிப்பாறைக்கு மேலே போனாலே சிக்னல் நம் கையில் இல்லை. இந்தக் கருவிகள் எல்லாமே ஒருமுறை இறக்கியதைக் கேஷில், அதாவது கணினியிலேயே ஒரு சேமிப்பிடத்தில், வைத்திருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கோ-வின் கேஷில் 'டவுன்லோட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதன் அமைப்பு ப்ராக்ஸி சர்வரின் அமைப்பேதான். 'கோப்ராக்ஸி' என்ற இடத்தில் இணைய முகவரிக்குப் பதில் அந்த ஃபோல்டரின் பாதையை 'ஃபைல்' என்று தொடங்கும் முகவரியாகக் கொடுத்தால் போதும், பென்டிரைவே ப்ராக்ஸி ஆகிவிடும். ஹாஷ்கள் புராஜெக்ட்டின் கோ-சம் ஃபைலிலேயே இருந்தால் பொதுப் பதிவேட்டையும் கேட்கத் தேவை வராது.

பிப்பில் இது இரண்டு படி. நெட் நன்றாக இருக்கும் இடத்தில் 'பிப் டவுன்லோட்' அடித்து வீல்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்துக்கொள்ள வேண்டும். லேப்பில் 'நோ-இண்டெக்ஸ்' என்றும் 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்றும் இரண்டு ஆப்ஷன் கொடுத்து, அந்த ஃபோல்டரைக் காட்டி இன்ஸ்டால் செய்ய வேண்டும். அறுபது கணினிகளுக்கு அறுபது முறை இறக்கும் வேலை மிச்சம். ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ், லேப்பில் விண்டோஸ் என்றால் சும்மா இறக்கியது பொருந்தாது. இறக்கும்போதே 'பிளாட்ஃபார்ம்' ஆப்ஷனில் விண்டோஸ் 64 பிட் என்றும், 'பைத்தான்-வெர்ஷன்' ஆப்ஷனில் லேப்பில் இருக்கும் எண்ணையும் கொடுத்து, வீல்கள் மட்டும் போதும் என்று 'ஒன்லி-பைனரி'யும் சேர்த்துவிட வேண்டும். லேப்பில் இருப்பது 3.11-ஆ 3.12-ஆ என்று கிளம்பும் முன் அங்கே படிக்கும் யாரிடமாவது போனில் கேட்டுவிடுவது நல்லது.